நடுகல்லும் மாட்டுப்பட்டியும்: தருமபுரியில் ஒரு நாள்

என் அக்கா மகன் ஜோர்டான் நாட்டில் அகாபா என்கிற துறைமுக ஊரில் ஓட்டல் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு லீவில் வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் படம் காட்டினான். செம்மண் நிறத்தில் மலைகள், கண்ணுக்கு எட்டியவரை மணல், நடுவில் கறுப்பாக, நீளமாக ஒரு கூடாரம். வாடி ரம் என்ற பாலைவனமாம். ஆடும் ஒட்டகமும் மேய்த்துத் திரிகிற பெதூயின் மக்களின் ஊர் அது. ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, வழிகாட்டியோடு போய், ஒரு ராத்திரி தங்கி வந்திருக்கிறான்.

"மாமா, அந்தக் கூடாரம் முழுக்க ஆட்டு மயிருல நெஞ்சது. மழை பட்டா நூலு உப்பி, சந்தெல்லாம் அடைஞ்சுக்கும். வெயிலு காலத்துல நூலு சுருங்கி காத்து உள்ள வரும். போனவுடனே ஏலக்காய் போட்ட காபி குடுப்பாங்க. நாம கப்பை லேசா ஆட்டிக் காட்டுற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருப்பாங்க. ஆட்டினாத்தான் போதும்னு அர்த்தம்."

பாறைகளில் செதுக்கிய ஒட்டகப் படங்களையும் பழைய எழுத்துகளையும் காட்டினான். அந்த ஒரு பாலைவனத்தில் மட்டும் சுமார் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கு வைத்திருக்கிறது. 2011-ல் அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள்.

உள்ளே இருந்து என் அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "கம்பளிக்குள்ள படுத்துத் தூங்கவா இவ்வளவு காசு குடுத்த? நம்ம தாத்தா குரும்பர்கிட்ட வாங்குன கம்பளியப் போத்திக்கிட்டு களத்துல படுத்தாரே, அதுவும் மழையில நனையாது. அவருக்கு யாரு காசு குடுத்தா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு என் மனதில் தங்கிவிட்டது. இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே அதனால்தான்.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒரு வேன் பிடித்து, விருப்பப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு பழைய இடங்களைச் சுற்றிக் காட்டுவார். வேன் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வோம். சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வருவது. மாசி முதல் ஞாயிறு அன்று பதினான்கு பேர் கிளம்பினோம். அதில் எட்டுப் பேர் என்னைப் போல மானாவாரி விவசாயிகள். லீவு முடியாததால் மாப்பிள்ளையும் வந்தான்.

முதலில் தருமபுரி நகரத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். பஸ் ஸ்டாண்டுக்கு நூறு தடவை வந்து போயிருக்கிறேன், இதற்குள் காலை வைத்ததில்லை. உள்ளே வரிசையாக நடுகற்கள். பெரும்பாலும் ஆள் மார்பு உயரம், சில இன்னும் சிறியவை. ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், முன்னே எட்டு வைத்த கால். சிலருடைய உடம்பில் அம்பு தைத்து நிற்கிறது. காலடியில் ஒரு கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கும். சில கற்களில் கீழே சின்னச் சின்னதாக மாடுகள்.

"இவங்க யாரும் ராஜா இல்லை" என்றார் வாத்தியார். "மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவனைத் துரத்திப் போய்ச் செத்தவங்க. இல்லேன்னா, அடுத்த ஊர் மாட்டை ஓட்டப் போய்ச் செத்தவங்க."

கல்வெட்டில் மாட்டு மந்தைக்கு 'தொறு' என்று பெயர். தொறு கொண்டவன் ஒருவன், தொறு மீட்டவன் ஒருவன். பழைய தமிழில் மந்தையைக் கவர்வதற்கு வெட்சி என்றும் மீட்பதற்குக் கரந்தை என்றும் தனித்தனிப் பூவும் பெயரும் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்தில் சண்டை எதற்காக நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். நிலத்துக்கு அல்ல, மாட்டுக்கு. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த நடுகல் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது, தமிழ் பிராமி எழுத்தில் உள்ளது. அதிலும் மந்தை கவர்ந்த பூசல்தான் எழுதியிருக்கிறது.

வாத்தியார் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு நாயின் கதை. அந்தக் கல் தருமபுரியில் இல்லை, திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சி ஆண்டில் நட்டது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவகத்தி என்பவன் தன் எருமை மந்தைக்காகச் செத்திருக்கிறான். அவனுடைய நாய் திருடர் இரண்டு பேரைக் கடித்து, கூடவே காவல் நின்றிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அதையும் கல்லில் எழுதி, அவன் பக்கத்தில் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகள் ஆகிவிட்டன. மந்தை வைத்திருந்தவனுக்கு நாய் எப்படிப்பட்ட துணை என்பது அந்தக் கல்லை வெட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களோடு வந்த ஒரு பெரியவர், "இது எங்க ஊரு வேடியப்பன் மாதிரியே இருக்குதே" என்றார். அப்படித்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிற சாமி பல இடங்களில் நடுகல்தான். ஊரில் நாலு பேருக்கு அந்தப் பெயரே வைத்திருக்கிறோம். யாரோ ஒரு மாட்டுக்காரன், ஊர் மந்தையைக் காக்கச் செத்தவன், இன்றைக்கும் நமக்குச் சாமியாக நிற்கிறான்.

நிலத்தில் ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ இப்படி உருவமோ எழுத்தோ உள்ள கல் வந்தால், உடைக்காமல், சுண்ணாம்பு, பெயிண்ட் எதுவும் பூசாமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும் என்றார் வாத்தியார். நிலம் போய்விடுமோ என்று பயந்து பலர் வரப்புக்குள் புதைத்துவிடுகிறார்கள். துணி துவைக்கப் போட்டவர்களும் உண்டு. நானும் வீட்டுக்கு வந்தவுடன் எங்கள் பழைய கவலைக் கிணற்றடியில் கிடந்த பலகைக் கல்லைக் கடப்பாரை போட்டுப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் கல். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளுக்கும் போக ஆசை. பாண்டவர் வீடு என்று நம்மவர்கள் சொல்கிற பலகைக்கல் ஈமச்சின்னங்கள் அங்கே மலை முழுக்க இருக்கின்றன. ஆனால் அது கிருஷ்ணகிரி மாவட்டம், சூளகிரிப் பக்கம். ஒரே நாளில் ஆகாது என்று விட்டுவிட்டு, வேனைப் பென்னாகரம் பக்கம் திருப்பினோம்.

பென்னாகரம் தருமபுரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து ஒகேனக்கல் இன்னும் 16 கிலோமீட்டர். அருவிக்குப் போகிற கூட்டம் எல்லாம் நேராகப் போய்விடும். நாங்கள் நடுவில் ஒரு மண் பாதையில் திரும்பினோம். காட்டுக்குள் போகவில்லை. ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம், வாத்தியார் அதில் கண்டிப்பு. காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில், ராகி அறுத்து, ஊடுபயிராகப் போட்ட துவரையும் எடுத்து முடித்த வயலில், ஒரு மாட்டுப்பட்டி இறங்கியிருந்தது. அங்கேதான் போனோம்.

முள் கொண்டு வட்டமாக வேலி போட்டிருந்தார்கள். எழுபது உருப்படி இருக்கும். செவலையில் வெள்ளைத் திட்டுப் போட்ட மலை மாடுகள் அதிகம், கருஞ்சாம்பலாக ஆலம்பாடிச் சாயலில் பத்துப் பதினைந்து. பட்டிக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். "வாங்க, வாங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க" என்றார். பட்டிக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். பதினான்கு ஜோடிச் செருப்பும் வேலிக்கு வெளியே வரிசையாக நின்றது.

உட்கார்ந்தவுடன் அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். உப்பும் கொத்தமல்லியும் போட்டது. டம்ளர் காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை பழக்கத்தில் டம்ளரை லேசாக ஆட்டினான். அந்தம்மாவுக்கு அது புரியவில்லை, இன்னும் ஊற்றினார். "கவுத்து வைடா" என்றேன். கவிழ்த்து வைத்த பிறகுதான் விட்டார்.

காலையில் மாட்டை ஓட்டிப் போய் மேய்த்து, சாயந்திரம் பட்டியில் அடைக்க வேண்டும். ராத்திரிக் காவலுக்கு ஆள் ஒன்று, நாய் மூன்று. இரண்டு நாளைக்கு ஒரு தடவை பட்டியை அடுத்த துண்டு நிலத்துக்கு மாற்றுகிறார். வயல்காரர் தருகிற கூலி ராகியாகப் பாதி, பணமாகப் பாதி. பால் கறவை பெரிதாக இல்லை. கன்று குடித்தது போக ஒரு மாட்டில் ஒரு லிட்டர் வந்தால் அதிகம். எருதான் வருமானம், கூட காளைக் கன்று விற்பது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இந்த அளவு சிறிய மாடு ஒரு நாளைக்கு எட்டு, பத்துக் கிலோ சாணம் போடும். அதில் பாதி ராத்திரியில் என்று வைத்தாலும் எழுபது மாட்டுக்கு முந்நூறு கிலோ. வண்டிக்கூலி இல்லை, அள்ளுகூலி இல்லை, இறைக்கிற கூலியும் இல்லை. அதைவிட முக்கியம் மூத்திரம். மாடு வெளியேற்றுகிற தழைச்சத்தில் ஏறக்குறைய பாதி மூத்திரத்தில்தான் போகிறது. நம் கட்டுத்தரையில் அது அப்படியே சாக்கடைக்குப் போய்விடும், இங்கே நேராக மண்ணுக்குப் போகிறது. ஆட்டுக்கிடை என்றால் சத்து இன்னும் அதிகம்: ஆட்டு எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், நம் தொழு எருவில் அரை சதவீதம் போல. பட்டி நகர்ந்தவுடன் ஒரு உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட வேண்டும். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். காட்டில் மேய்ந்த மாட்டுச் சாணத்தில் களை விதையும் வரும், அது ஒரு தொந்தரவு. அதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வாத்தியார் ஒரு விஷயம் சொன்னார். கர்நாடகத்தில் பெல்லாரி, ராய்ச்சூர் பக்கமும் ஆந்திரம், தெலங்கானாவிலும் சாம்பல் மேடுகள் என்று உண்டு. மக்கள் ஏதோ அரக்கனை எரித்த இடம் என்று கதை சொல்வார்கள். பழைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் ஆல்ச்சின் என்கிற ஆய்வாளர் 1957-ல் தோண்டிப் பார்த்தபோது, அது மாட்டுப்பட்டி என்று தெரிந்தது. மரக்கம்பு நட்ட வேலிக் குழிகள், மாட்டுக் குளம்புத் தடம் எல்லாம் அப்படியே இருந்தன. பட்டியில் சேர்ந்த சாணத்தை அவ்வப்போது எரித்து எரித்துச் சாம்பல் மேடாகியிருக்கிறது. புதிய கற்கால மக்கள், 4,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் தருமபுரி மாவட்டத்திலும் மோதூரில் புதிய கற்கால ஊர் ஒன்றைத் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறது. அந்த மக்கள் இப்படித்தான் முள் வேலிக்குள் மாட்டை அடைத்திருப்பார்கள் என்று வாத்தியார் கையைக் காட்டினார். பட்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "எரிச்சாங்களா? எருவை எரிப்பாங்களா?" என்றார். அவருக்கு அதுதான் நம்பமுடியாததாக இருந்தது.

கல்லும் கதையும் இப்படி இருக்க, மாடு எங்கே மேயும் என்பதுதான் இப்போது கேள்வி. முன்பு மேய்ச்சல் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கிக் காட்டுக்குள் ஓட்டுவார்கள். ஆறு மாதம் காட்டுக்குள்ளேயே பட்டி இருக்கும். 2014-ல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் ஒரு பெரும்பகுதி காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் ஆனது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் கால்நடை மேய்ச்சல் கூடாது என்று சொன்னது. பிறகு அந்தத் தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. சுருக்கினாலும் இவருடைய பழைய மேய்ச்சல் வழி சரணாலயத்துக்குள்தான் வருகிறது.

"முன்ன எரநூறு உருப்படி. இப்ப எழுவது. ரெண்டு பசங்க. ஒருத்தன் பெங்களூருல கட்டட வேலை, ஒருத்தன் திருப்பூரு. மாடு மேய்க்கிறவனுக்குப் பொண்ணு யாருங்க தரா?" என்றார். அழுத்திச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

வனத்துறை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாட்டு மாட்டிலிருந்து கோமாரி காட்டெருமைக்குப் போகும். மான் தின்ன வேண்டிய புல்லை மாடு தின்னும். காட்டு எருவை லாரி லாரியாக வெளியே ஏற்றினால் காட்டு மண் ஏழையாகும். இதையெல்லாம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தெந்த இடத்தில், எத்தனை மாடு, எந்த மாதம் என்று அளந்து விடுவதற்கும் அடியோடு நிறுத்துவதற்கும் வித்தியாசம் உண்டு. பட்டிக்காரர் காட்டுப் பக்கம் கை காட்டினார். உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. "மாடு நடக்காத எடத்துல இதுதான் நடக்குது" என்றார். பங்குனி, சித்திரையில் தீப் பிடித்தால் முதலில் எரிவதும் இந்தக் காய்ந்த புதர்தான்.

இதே கதை பெதூயின் நாட்டிலும் நடந்திருக்கிறது. இஸ்ரேலில் 1950-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கறுப்பு ஆடு மரம் செடியைக் கெடுக்கிறது, பொது நிலத்தில் மேய்க்கக் கூடாது என்று. நெகேவ் பாலைவனத்துப் பெதூயின்களின் மந்தை அதில் சுருங்கிப்போனது. கூடாரம் நெய்கிற மயிரே அந்த ஆட்டினுடையதுதான். பிறகு காட்டுத் தீ பெரிய பிரச்சினையானபோது, ஆடு தின்னாமல் விட்ட புதர்தான் தீக்குத் தீனி என்று பேச்சு வந்து, 2018-ல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து.

ஜோர்டானில் பெட்ரா என்ற மலையைக் குடைந்த பழைய நகரத்துக் குகைகளில் ப்தூல் என்கிற பெதூயின் கூட்டம் வாழ்ந்துவந்தது. 1985-ல் பெட்ரா உலகப் பாரம்பரிய இடமானது. அந்தச் சமயத்தில்தான் அவர்களை வெளியேற்றிப் பக்கத்தில் உம் சைஹூன் என்ற புது ஊரில் குடிவைத்தார்கள். இப்போது அவர்களில் பலர் அதே குகைகளுக்குக் கழுதையிலும் ஒட்டகத்திலும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பிழைக்கிறார்கள். மாப்பிள்ளை அதையும் பார்த்திருக்கிறான். "வழிகாட்டி அவங்க தாத்தா இருந்த குகையக் காட்டி, போட்டோ எடுத்துக்கோங்கன்னு சொன்னாரு மாமா. நான் எடுத்தேன். அப்புறம் என்னமோ மாதிரி இருந்துச்சு." வேலிப் பக்கத்தில் நின்று அவன் இதைச் சொன்னபோது கையில் செல்போன் இருந்தது. பட்டியை அவன் படம் எடுக்கவில்லை.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரே இடத்தில் இருந்து மேய்ப்பவர்களுக்கும் பருவத்துக்குப் பருவம் மந்தையை ஓட்டிச் செல்பவர்களுக்கும் அது பொருந்தும். பழங்குடி அல்லாதவர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கேயே காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். மனுவை முதலில் கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம்தான் கொடுக்க வேண்டும். அங்கிருந்து கோட்ட அளவுக் குழு, பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. வாத்தியார் இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பட்டிக்காரர் அதை மடித்து, துணிப் பையில் பழைய மேய்ச்சல் ரசீதுகளோடு வைத்துக்கொண்டார். அவருடைய அப்பா காலத்து ரசீது, தாள் பழுத்துப்போயிருந்தது. "இதைத் தொலைச்சிடாதீங்க, இதுதான் உங்க நடுகல்" என்றார் வாத்தியார். அவர் தமிழ் வாத்தியார், அப்படித்தான் பேசுவார். ஆனால் சாட்சிக்கு அந்த ரசீது உதவும் என்பது உண்மை. இப்படிப் பழைய ரசீது வைத்திருக்கிற குடும்பங்கள் இதைப் படித்தால், அதை இன்றே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலம்பாடி இனத்துக்கென்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் நம் தருமபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. மாட்டைக் காக்க மையம் வந்துவிட்டது. மேய்ப்பவரைக் காக்க என்ன என்று கேட்டால் பதில் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருக்கிறது என்று வாத்தியார் சொன்னபோது, "அதுக்குள்ள எழுவதும் இருக்குமான்னு பாக்கணும்" என்றார் பட்டிக்காரரின் மனைவி. அவ்வளவு நேரமும் அவர் பேசியது அது ஒன்றுதான்.

ஒரு யோசனை. இதுபோல் பட்டி பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகாதீர்கள், பணத்தையும் நீட்டாதீர்கள். நாங்கள் இரண்டு மூட்டை கடலைக்கொடி கொண்டுபோனோம், அதை மிகவும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். நாயைக் கேட்காமல் தொடாதீர்கள். மாடு திரும்புகிற சாயங்கால நேரத்தில் வழியில் நிற்காதீர்கள். ஒகேனக்கல்லுக்கு அதே நாளில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டால் இரண்டுமே அரைகுறையாகிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. அருவிக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தோம்.

கிளம்பும் முன் நான் பட்டிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருடம் எங்கள் மூன்று ஏக்கர் மேட்டு நிலத்தில் பட்டி போட முடியுமா என்று கேட்டேன். எங்கள் ஊர் அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். மாட்டை நடத்திக்கொண்டு வந்தால் மூன்று நாள், வழியில் தண்ணீர் எங்கே என்று கேட்டார். இரண்டு ஏரி பெயரைச் சொன்னேன். ஒன்றில் இப்போது தண்ணீர் இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தார். ஐந்நூறு ரூபாய் அச்சாரம் நீட்டினேன், வாங்கவில்லை.

"வெத்தலை பாக்கு வச்சிருக்கீங்களா?" என்றார். வேன் டிரைவரிடம் இருந்தது. வாங்கிக் கொடுத்தேன். மடியில் கட்டிக்கொண்டு, "தை கடைசியில போன் போடுங்க. மாடு இருந்தா வரேன்" என்றார்.